அரை நூல் ஆட்டம்

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருக்கிறது.
டேங்கர் வேகன்களை எண்ணிக்கொண்டிருந்தேன்,
நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
மொபெட்டில் கால்களுக்கு நடுவே கருவிப்பை:
பஞ்ச், அரைக்கிலோ சுத்தி, மூக்குக் குறடு,
பழைய பவுடர் டப்பா நிறைய
ஸ்பிலிட் பின்.

பெயர் அமலோற்பவம்.
கார்டில் அமலு எலக்ட்ரிகல்ஸ்.
போன் செய்கிறவர்கள்
'மெக்கானிக்கைக் கூப்பிடும்மா' என்பார்கள்.
கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு
அதே குரலில் 'சொல்லுங்க' என்பேன்.

கழன்று விழுந்த ஆணிக்குப் பதிலாக
வீடுகளில் என்னென்னவோ இருக்கிறது.
சீப்பின் பல். காலியான ரீஃபில்.
காசிமேட்டில் ஒரு டேபிள் ஃபேனில்
மீன் முள், பெரிய வஞ்சிரத்தினுடையது, சீவி எடுத்தது.
நாலு கோடை ஓடியதாம்.
ஒயரை மட்டும் மாற்றிவிட்டு
முள்ளை அதன் இடத்திலேயே விட்டு வந்தேன்.

நாகபூஷணம் வீட்டில் மெட்டி.
நிமிர்த்திச் சப்பையாக்கி
கிரைண்டர் கல்லின் கையில் சொருகி
இரண்டு முனையும் மடக்கியிருந்தாள்.
'வெள்ளியாச்சே' என்றேன்.
'வெள்ளின்னுதான் போட்டான்.
தேஞ்சப்புறம் தெரிஞ்சிது பித்தளைன்னு.'

பட்டேல் நகர் போர்டு வீடு, மூன்றாம் மாடி.
படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி
நாம் பிடித்தால் நம்மோடு வந்துவிடும்.
நாளைக்கு முப்பது கிலோ மாவு.
எதிர்வீட்டில் அந்தச் சத்தத்துக்குப் பழகி
கரண்ட் போனால்தான் விழித்துக்கொள்வார்களாம்.

கோளாறு கல்லில் இல்லை, அடியில்.
புல்லியை ஒரு கையில் பிடித்து
மறு கையால் ஷாஃப்டை அசைத்தேன்.
டிக். டிக்.
அரை நூல் ஆட்டம்.

ஆட்டம் என்றால் எங்கள் பக்கம் கேரம் போர்டு,
சாவுக்கு முன்னால் பறை,
'ரொம்ப ஆடாதே' என்கிற மிரட்டல்.
எனக்கு
விரல் நுனியில் வந்து முட்டுகிற,
இல்லாமல் போன இரும்பு.

புது ஷாஃப்ட் எழுநூற்றைம்பது.
அன்று ஞாயிறு, பாரிமுனை பூட்டிக் கிடக்கும்.
'விடிஞ்சா மூணு ஓட்டலுக்குத் தரணும்' என்றாள்.

உருவினேன். எண்ணெயைத் துடைத்தேன்.
வாசற்படிக் கல்லில் கிடத்திப்
பஞ்சால் குத்தினேன், நெருக்கமாக,
சுற்றுக்கு ஒன்பது.
ஒவ்வொரு குழியின் விளிம்பும்
மயிரிழை எழும்பும்.
அம்மை கண்ட முகமாயிற்று ஷாஃப்ட்.
'இன்னாக்கா, கீறதையும் ஒடைக்கிற?'
பாக்கெட்டுக்கு ரப்பர் போடுகிற பையன் கேட்டான்.
பதில் சொன்னால் எண்ணிக்கை தப்பும்.

வழுக்கிக்கொண்டு ஏறிய புல்லி
இப்போது ஏற மறுத்தது.
கட்டை வைத்து அடித்தேன்.
துளையை நேர்ப்படுத்திப் பின்னைப் போட்டு
இரண்டு காலையும் பிரித்து மடக்கினேன்.
கல்லின் கைக்கும் ஒரு பின்.
மெட்டியை 'நீயே வெச்சிக்கோ' என்றாள்.

'ரெண்டு மாசம் தாங்கும். அதுக்குள்ள மாத்திடு.'
'ரெண்டு மாசம் போதும்.'
மோவாயால் சுவரைக் காட்டினாள்.
சிவப்புப் பெயிண்டில் ஓர் எண், சுற்றி ஒரு வட்டம்.
இடிக்கப்போகிற வீட்டுக்குப் போடுவது.

அது மாசி.

ஆடியில் இன்று அவளிடமிருந்து போன்,
கிரைண்டருக்கில்லையாம்.
கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.
எல்லா ஹாரனும் ஒன்றாக அடிக்க,
கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் புகையில் போனேன்.

பிளாட்பாரத்தில் தகரக் கொட்டகைகள், பதினேழாவது அவளுடையது.
உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது.
கேட்காமலே நிறுத்தி
கையைக் கொடுத்து அசைத்துப் பார்த்தேன்.
டிக் இல்லை.
'அதை ஏன் நோண்டுற' என்றாள்,
'கதவைப் பாரு.'

கீலாணி எங்கோ விழுந்துவிட்டது.
ராத்திரியெல்லாம் கதவு கடற்காற்றில் அடித்துக்கொள்ள
எழுந்து எழுந்து பிடித்துக்கொண்டிருந்தாளாம்.
டப்பாவைத் துழாவினேன்.
மெட்டி கைக்கு வந்தது. வைத்துப் பார்த்தேன்.
ரொம்ப ஒல்லி, கீலுக்குள் தொளதொளத்தது.
திரும்ப டப்பாவில் போட்டேன்.
ஆறு அங்குல ஆணி ஒன்றை இறக்கி
வாலைத் தட்டி வளைத்தேன்.

'இது எத்தினி நாள் தாங்கும்?'
'ஆணியா, கொட்டாயா?'
பதில் இல்லை.
மாவுக் கையோடு
கதவை ஒரு முறை திறந்து மூடினாள்.
இன்னொரு முறை.