மறுகா

புள்ளிவிபரவியல்: இருபத்தொன்பது.
ஆறு புள்ளி குறைவு.
மீள்பரீட்சைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு.
ஒரு புள்ளி ஆயிரத்து எண்பத்து மூன்று ரூபாய் சொச்சம்.
இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் பிழைக்கவில்லை.

ஏறாவூர்ச் சந்தியில்
நஸ்மியாவின் போட்டோகொப்பிக் கடை.
மூன்று மணிக்கு வந்தால் இஷா வரை நிற்பேன்.
என்னை விழுத்திய அதே வினாத்தாளை
புதிய பிரிவுப் பிள்ளைகள்
இருபது பிரதி கேட்டு வருகிறார்கள்.
"நீங்களும் அங்கதானே ராத்தா?"
ஸ்டேப்ளர் ஊசி தீர்ந்ததுபோல
குனிந்து தேடுகிறேன்.

மை இழுபட்ட ஒரு பிரதியை
எறிய மனம் வரவில்லை.

செவ்வாய் கரண்ட் போனது.
சூடாறாத மெஷின் மூடியில் அதை விரித்து
போன் வெளிச்சத்தில்
மூன்றாம் வினாவைச் செய்தேன்.
அன்றைக்கு நான் அழுதுவிட்டு எழும்பிய இடம்
ஒரு வர்க்கமூலம்.
அவ்வளவுதான்.

இன்று வங்கியில் கட்டிவிட்டேன்.
மிச்சம் பஸ்ஸுக்கும் ஒரு பேனைக்கும்.

"சோதினை என்னாச்சு மகள்?" என்றா உம்மா.
"மறுகா எழுதணும்."
"சரி, மறுகா எழுது. சோறு ஆறுது."

அவ அதைப் 'பிறகு' என்று எடுத்துக்கொண்டா.
நான் திருத்தவில்லை.
மீன் முள்ளை ஒதுக்கியபடி
நாலாம் வினாவை யோசித்தேன்.