கடைசி இலக்கம்

கெயோனில் மழைக்கு விடுமுறை கிடையாது.
தகரக் கூரையின் கீழ் மூன்று மேசை,
ஒரு விறகு அடுப்பு.
சன்னலுக்கு வெளியே கடலில் நாற்பது கூண்டு,
கூண்டுக்கொரு உணரி.
சால்மன்களுக்கு மூச்சு எவ்வளவு மிச்சமென்று
நிமிடத்துக்கொருமுறை
ஏபிஐ வழியே சொல்லிக்கொண்டிருக்கும்.
அது சொல்வது சரிதானா என்று
கேட்டுப் பார்ப்பது என் வேலை.

கேட்க ஒரு கருவி வேண்டும்.
"சட்டென்று ஒன்றை எடு" என்றாள் ஹிமெனா,
"செருப்பு வாங்கவா போகிறாய்?"
செருப்பென்றால் போட்டு
நாலடி நடந்து பார்ப்பேனே என்றேன்.

முதலாவது,
திறந்ததுமே மின்னஞ்சல் கேட்டது.
பிறகு கடவுச்சொல், பிறகு குழுவின் பெயர்.
எங்கள் சாவிகளையெல்லாம்
தன் மேகத்தில் பத்திரமாய் வைப்பதாகச் சொன்னது.
மேகம் எங்களிடமே நிறைய இருக்கிறது.
மூடிவிட்டேன்.

இரண்டாவது வந்து உட்கார்ந்ததும்
லேப்டாப்பின் விசிறி அலறியது.
ஒற்றைவரிக் கேள்விக்கு
இரண்டு ஜிபி நினைவகம் தின்றது.
எலிசேயோ அதன்மேல் கை காய்ந்துகொண்டான்.
அடுப்பைவிடப் பரவாயில்லை என்றான்.

மூன்றாவது அழகு.
பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு,
அடைப்புக்குறிகளைப் பிரித்து
படிப்படியாய் உள்ளே தள்ளி
எண்ணுக்கு நீலம், எழுத்துக்கு ஆரஞ்சு.
இதுவே போதுமென்றேன்.
வெளுத்ததெல்லாம் பால்.

செவ்வாய் விடியலில்
ஏதோ ஒரு கூண்டு மூச்சுத் திணறியது.
ஆக்சிஜன் மூன்று புள்ளி ஒன்று.
கூண்டின் அடையாள எண் பதினாறு இலக்கம்
(நாற்பது கூண்டுக்கு
எந்த மகராசன் வைத்தானோ!).
திரையைப் பார்த்து
நொல்பெர்த்தோவுக்கு ரேடியோவில் படித்தேன்,
ஏழு நான்கு பூஜ்யம் என்று போய்
ஒன்பது ஒன்பது இரண்டு என்று முடித்தேன்.

நொல்பெர்த்தோவின் படகுக்குப்
பொறுமை என்று பெயர்.
அன்று அதற்கும் பொறுமையில்லை.
அலையைக் கிழித்துக்கொண்டு போய்
குழாயை இறக்கிக் காற்றைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டான்:
"இங்கே எல்லாரும் துள்ளுகிறார்கள்.
உன் மீன்களுக்கு என்னம்மா குறை?"

குறை பக்கத்துக் கூண்டில் இருந்தது.
மூன்றில் முடிகிற எண்.

ஹிமெனா கறுப்புத் திரையில்
ஒரே ஒரு வரி தட்டினாள்.
நிறமில்லை, இடைவெளியில்லை,
கயிறு மாதிரி நீண்டு விழுந்தது பதில்.
நடுவில் எங்கள் எண்,
அதன் வாலில் மூன்று.

சர்வர் மூன்று என்றுதான் சொல்லியிருக்கிறது.
ஒப்பனை செய்கிற நேரத்தில்
எண் தன் கைக்கு அடங்காததால்
அருகிலிருந்த இரட்டைப்படைக்கு
மெல்ல நகர்த்தி வைத்துவிட்டது கருவி.
பிழைச்செய்தி இல்லை.
பச்சை விளக்கு.
இருநூறு, எல்லாம் நலம்.

இழப்புப் படிவத்தை எலிசேயோ நிரப்பினான்.
எண்ணூற்றுப் பதினாறு.
சின்ன எண்.
அதை எந்தக் கருவியும் மாற்றிக் காட்டாது.

நான்காவதின் முகம்
அரசாங்க அலுவலகப் பேரேடு மாதிரி.
உள்நுழையச் சொல்வதில்லை.
ஒவ்வொரு கேள்வியையும்
சாதாரண உரைக்கோப்பாய் என் அடைவிலேயே எழுதி வைக்கிறது.
இணையம் போன இரவிலும்
கொட்டகைக்குள் இருக்கும் சர்வரோடு பேசுகிறது.
பதிலின் மேல் இரண்டு தாவல்:
ஒன்று 'அலங்காரம்', மற்றது 'அப்படியே'.

அப்படியே என்பதை அழுத்தினேன்.
நேராக வாலுக்குத்தான் போனது கண்.
மூன்று.

"பிடித்திருக்கிறதா?" என்றாள் ஹிமெனா.
"இல்லை. எழுத்துரு சகிக்கவில்லை.
இதுவே இருக்கட்டும்."
அவள் மாத்தே கோப்பையை என் பக்கம் தள்ளினாள்,
ஆறிப்போயிருந்தது.

எலிசேயோ இன்னமும்
மூன்றாவதைத்தான் வைத்திருக்கிறான்.
நிறத்துக்காக என்கிறான்.
சண்டை போட்டுப் பார்த்தோம், விட்டுவிட்டோம்.

நொல்பெர்த்தோ மட்டும்
படகை அவிழ்க்குமுன் ஒவ்வொரு முறையும்
ரேடியோவை வாயருகே வைத்துக் கேட்கிறான்:

"கடைசி இலக்கத்தை முதலில் சொல்."