அறுபது நாள்

தெற்கு எஸ்தோனியாவில், வோரு என்கிற எங்கள் ஊரில்
நவம்பர் மாதம் மூன்றரை மணிக்கே கடையைச் சாத்திவிடும்.
வெளிச்சம் என்கிற சரக்கு தீர்ந்துபோகும்.
அதனால்தான் எங்கள் பள்ளி நிறுவனம்
கம்பளித் துணியில் மீன் வெட்டி
வயிற்றில் மினுங்கும் நாடா வைத்துத் தைத்தது.
இருட்டில் நடப்பவர் கோட்டில் தொங்கவிட,
எதிரே வரும் காருக்கு
நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல.

பங்கு ஒன்று பத்து யூரோ. பதினைந்து பங்கு.
மிர்டெலின் மாமா மூன்று, பல் மருத்துவர் ஒன்று,
சைக்கிளை விற்றுத் தாவெத் ஐந்து.
மீதி ஆறு யார்யாரோ, பேரேட்டில் பெயர் இருக்கிறது.
நூற்றைம்பது. அதுதான் முதல்.
முதல் என்றால் தொடக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.
மே மாதம் பதினைந்து பேரும் வந்து கேட்பார்களே,
அதற்கும் பெயர் முதல்தான்.

பழைய தையல் இயந்திரம் தொண்ணூறு.
அறுபது மீனுக்குத் துணியும் நாடாவும் அறுபது.
பிஸ்கட் டப்பாவில் மிஞ்சியது
பிஸ்கட் வாசனை.

விலை நான்கு. துணிக்கு ஒன்று போக
மூன்று யூரோவைக் கவ்விக்கொண்டு வரும் ஒவ்வொரு மீனும்.
முப்பது மீன்வரை எல்லாம் இயந்திரத்துக்கு இரை.
முப்பத்தொன்றாவதுதான் எங்களுக்கு.
அதற்கு மட்டும் மிர்டெல் சிவப்பு நூலில் கண் தைத்தாள்.

ஏரிக்கரைக் கடை ஹெல்வே அம்மையார்
நாற்பது எடுத்துக்கொண்டார், சிவப்புக் கண்ணையும் சேர்த்து.
அறுபது நாளில் பணம், கையெழுத்து.
அன்றிரவு எழுதினேன்:
விற்பனை நூற்று அறுபது,
துணி நாற்பது, இயந்திரம் தொண்ணூறு,
லாபம் முப்பது.
கீழே இரண்டு கோடு போட்டேன், ஒன்று போதவில்லை.

மறுநாள் தாவெத் மூச்சிரைக்க வந்தான்.
கிறிஸ்துமஸ் சந்தையில் மேஜை வாடகை இருபது,
வெள்ளிக்குள் கட்டணும்.
“அதான் முப்பது இருக்கே, எடு.”
டப்பாவைத் திறந்து காட்டினேன்.
ஏட்டைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான்,
டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான்.
“யார் எடுத்தது?”

யாரும் எடுக்கவில்லை, தாவெத்.
லாபம் ஏட்டில் குடியிருக்கிறது, பணம் டப்பாவில்.
இரண்டும் ஒரே தெருவில் இல்லை.
வகுப்பில் இதைச் சொன்ன அன்றைக்கு
நான் ஓரத்தில் மீனுக்கு வால் வரைந்துகொண்டிருந்தேன்.

வியாழன் நான்கு மணி, கும்மிருட்டு.
“பத்து மீனுக்கு மட்டும் இன்றைக்கே கொடுத்தால்
நாற்பதுக்குப் பதில் முப்பத்தாறு போதும்.”
என் குரல் எனக்கே சில்லறையாகக் கேட்டது.
அம்மையார் கல்லாவைத் திறந்தார்.
“எனக்குத் தரவேண்டியவரும் அறுபது நாள் ஆசாமிதான்”
என்று கல்லாவிடமே சொன்னார்.
நான்கு யூரோ கொடுத்து
அறுபது நாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பனி கொட்டியது.
என் கோட்டில் துண்டுத் துணியில் தைத்த கோணல் மாதிரி மீன்.
வளைவில் ஒரு லாரி திரும்ப, மீன் குப்பென்று எரிந்தது.
தனக்கென்று துளி வெளிச்சம் கிடையாது அதற்கு.
வாங்கிய நொடியில், கொடுத்தவன் கண்ணுக்கே
திருப்பிவிடுகிறது. தவணை கேட்பதில்லை.
லாரி போனபின் மறுபடி வெறும் துணி.

வீட்டில் கோட்டை அடித்துத் திருத்தினேன்.
தள்ளுபடி நான்கு. லாபம் இருபத்தாறு.
டப்பாவில் வாடகை போகப் பதினாறு.
மிர்டெலுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.
அவள் பேசவில்லை. பிறகு கேட்டாள்:
“ஒரு மீனுக்குப் பன்னிரண்டு நிமிஷம்.
அறுபது மீன். பன்னிரண்டு மணி நேரம்.
என் கட்டைவிரலில் மூன்று குத்து.
அது எந்த வரியில் வருது?”

பக்கம் முழுக்கத் தேடினேன்.
பிறகு அடியில் கூலி என்று எழுதினேன்.
எதிரே எண் போட்டால்
சிவப்புக் கண் மீன் முப்பத்தொன்றில் நிற்காது,
எங்கோ தள்ளி நீந்திப் போய்விடும், எண்பதுக்கோ நூறுக்கோ.
நாங்கள் தைத்ததே அறுபது.

பேனா மூடியைத் தேடுகிற மாதிரி
கொஞ்ச நேரம் மேஜைக்கடியில் இருந்தேன்.