நான்காவது தடம்

பனி வாரும் லாரிகளின் கொட்டகையில்
பெஞ்சின் மேல் ஒரு பைன் கட்டை கிடந்தது.
ஏழு அங்குலம். நான்கு ஆணி, நான்கு பிளாஸ்டிக் சக்கரம்.
பிப்ரவரிக் கடைசிச் சனிக்கிழமை பந்தயம்,
ஐந்து அவுன்ஸுக்கு மேல் ஒரு தூசியும் கூடாது
என்று பெர்னெட்டாவின் கையெழுத்தில் ஒரு தாள்.

எனக்கு இரவு முறை. ஆர்வோவுக்குப் பகல்.
ஆறு குளிர்காலமாக எங்களுக்கு ஒரே லாரி.
அவன் இறங்கிப் போன இருக்கையில் சூடு ஆறியிருக்காது,
முகத்தை மட்டும் சரியாகப் பார்த்ததில்லை.
வண்டியையும் அப்படித்தான் செய்தோம்,
ஒட்டு டேப்பில் எழுதி எழுதி.

'மூக்கைச் சீவிவிட்டேன். காற்று வழுக்கும். ஆ.'
'முதுகில் ஒரு பள்ளம் வேண்டும், விளக்குப் பட்டைக்கு. வெர்லா.'
'விளக்கா?'
'விளக்குதான்.'
மறுநாள் பள்ளம் இருந்தது,
உளியின் ஒவ்வொரு கடியும் தெரிய,
உப்புத்தாள் போடாமல்,
கோபமாக.

சுப்பீரியர் ஏரியின் காற்று கதவை உதைக்கும் நாலு மணிக்கு
நகத்தளவு சில்லுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன்:
சிவப்பு இருநூற்று ஐம்பத்தைந்து,
பச்சை தொண்ணூறு,
நீலம் ஒன்றுமில்லை.
எங்கள் லாரியின் கூரையில் சுழலுமே, அந்த மஞ்சள்.
ஆறு விளக்கு வைத்தேன். ஐந்துதான் எரிந்தது.
ஒரு வாரம் பற்றவைப்பைச் சந்தேகித்தேன்,
பேட்டரியை, பசையை, ஆர்வோவின் உளியை.
கடைசியில் பார்த்தால்
சில்லின் கணக்கில் முதல் விளக்கின் பெயர் பூஜ்யம்.
நான் ஒன்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்,
அது பெயர் விட்டுப்போன பிள்ளையாக
வரிசையின் தலையில் நின்றிருக்கிறது.

தராசு ஐந்தே கால் என்றது.
'உன் விளக்கைக் கழற்று.'
'உன் ஈயத்தைக் கழற்று.'
இரண்டு நாள் டேப் இல்லை.
மூன்றாம் இரவு வண்டியைத் திருப்பினேன்:
வயிற்றைக் குடைந்திருந்தான், தீக்குச்சித் தடிமனுக்குச் சுவர் விட்டு.
குழிக்குள்ளே டேப்:
'அடியிலும் ஒன்று வை. சாலை தெரிய வேண்டாமா?'

பந்தயத்தன்று பனி இல்லை. இருவருக்கும் விடுமுறை.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
காப்பியும் ஈரக் கம்பளிக் கையுறையும் மணக்க,
நாலு தடம். எங்களுடையது நாலாவது.
அச்சில் கிராஃபைட் தூவிய கை கறுத்த ஒருவன்
'வெர்லாவா?' என்றான்.
இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருந்தது.
நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

கதவு விழுந்தது. சரிந்தது மஞ்சள்.
கத்தினோம், இரண்டாவது! எல்லோரும் பார்த்தார்கள், இரண்டாவது.
பலகையில் மூன்று தடத்துக்கு நேரம் இருந்தது.
நாலாவதில் வெறும் கோடு.
மறுபடி ஓட்டினோம். மறுபடியும் கோடு.
வரவேயில்லை என்றது இயந்திரம்.

பெர்னெட்டா குனிந்து தடத்தின் முடிவைக் காட்டினாள்:
ஒவ்வொரு தடத்திலும் மிளகளவு கண்,
மேலே ஒரு விளக்கு.
வண்டி கடக்கும்போது விழும் நிழலைத்தான் அது எண்ணும்.
'உங்கள் வண்டிக்கு நிழல் இல்லையே' என்றாள்,
குற்றம் சொல்வதா பாராட்டுவதா என்று
அவளுக்கே தெரியாத குரலில்.

நான் சில்லிடம் சொல்லி அணைக்கலாம்.
மடிக்கணினி வீட்டில் இருந்தது.
ஆர்வோ சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தான்,
ஒரு துண்டு கிழித்து
வயிற்றில் ஒட்டினான்.
முதல் தடவையாக எதுவும் எழுதாமல்.

மூன்றாவது வந்தோம்.
டேப் சக்கரத்தில் உரசியது என்கிறான். இல்லை என்கிறேன்.

ஞாயிறு இரவு ஏரிப்பக்கத்திலிருந்து பனி ஏறி வந்தது.
லாரிக்குள் ஏறினேன். இருக்கை சூடு.
கண்ணாடிக்குக் கீழே வண்டி நின்றது,
அடிவயிறு உரித்து,
தூசி படிந்த பலகையில் ஒரு கையகல மஞ்சள்.
பக்கத்தில் டேப்:
'இடது வைப்பர் இழுக்கிறது. பார்த்து ஓட்டு.'