பென்சில் வரி

எட்மன்டனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி
என் மேசைக்கு வந்தார்
பேராசிரியர் மொரிவாகி ஹிசாயோ.
நான் அந்தத் துறையின் கணக்காளன்.

"இங்கே 'நாங்கள்' என்கிறாள்.
கேட்பவன் அதில் உண்டா?"
இல்லை என்றேன்.
ஜப்பானிய மொழியில் அதற்கொரு சொல் இருக்கிறதாம்,
ஆனால் குனிந்து பேசுமாம்.
"இவள் குனிகிறவள் இல்லையே."
ஒன்பது வருடம் அந்த வரி
பென்சிலிலேயே கிடந்தது.

ஓய்வுபெற்ற நாளில்
இருபத்தாறு பெட்டி, ஒரு கெட்டில்,
யாரும் வாங்காத ஒப்பியல் நூல் நாற்பது பிரதி.
பயணப்படி பாக்கி பதினெட்டு டாலர்,
அதைக் கேட்கவே இல்லை.

வாசலில், தமிழில்:
"நாம் போகலாமா?"

பஸ் அவருக்கு மட்டும்தான்.
நான் திருத்தவில்லை.