மூடிக்குள் எழுதியிருப்பது

காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை.
சொன்னால் நீங்கள் விலையைத்தான் யோசிப்பீர்கள்.
மஞ்சள். இரண்டே இருக்கை. வயிறு தரையை உரசும்.
பாசிர் பாஞ்சாங் சாலையில்,
துறைமுகத்து விளக்குகளுக்கு எதிரே,
என் பம்ப்புக்கு இப்போது அது வருவது
இரவு பன்னிரண்டுக்கு மேல்.

முன்பெல்லாம் மாலையிலேயே வரும்.
மிஸ்டர் குவெக் கண்ணாடியை இறக்கி
என்னைப் பார்க்காமலே '98, ஃபுல்' என்பார்.
பையன்கள் கைப்பேசியில் படம் பிடிப்பார்கள்.
நான் துணியை மடித்துப் பிடித்து நிற்பேன்,
அந்த மஞ்சளில் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாதென்று.

போன மார்ச்சில் ஒருநாள்
கண்ணாடி பாதிதான் இறங்கியது.
'குணா, 95. முப்பது வெள்ளிக்கு.'
என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூடியைத் திறந்தேன்.
உள்ளே ஒட்டியிருந்தது: குறைந்தபட்சம் 98.
கட்டளை மாதிரிதான் எழுதியிருக்கிறான் ஜெர்மன்காரன்.
நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவர் பக்கக் கண்ணாடியில் பார்த்தார்.
பிறகு இருவரும் மீட்டரைப் பார்த்தோம்.
லிட்டருக்கு அரை வெள்ளி மிச்சம்.
கணக்குப் போட்டேன்:
ஒரு தட்டு கோழிச் சோறு.

உடனே ஒன்றும் ஆகிவிடாது,
பணிமனையில் வேலை செய்யும் ஃபிர்தவுஸ் சொன்னான்.
எஞ்சினுக்குள் ஒரு காது உண்டாம்.
எரிய வேண்டிய கணத்துக்கு முன்பே எரிந்து
உள்ளே தட்டினால் அதற்குக் கேட்கும்.
கேட்டதும் பொறியைத் துளி தாமதிக்கும்.
வலு கொஞ்சம் குறையும்.
வெளியே யாருக்கும் தெரியாது.
'இந்தத் தீவில் தொண்ணூறுக்கு மேல்
எங்கே ஓட்டிவிடப் போகிறார், விடு.'

எனக்குக் கேட்டது.
பம்ப்பிலிருந்து திரும்பி
சவுத் புவோனா விஸ்டா மேட்டில் ஏறும்போது,
மூன்றாவது வளைவில்,
மைலோ டின்னுக்குள் கூழாங்கற்களைப் போட்டு
யாரோ மெல்லக் குலுக்குவது மாதிரி.
அந்தக் காது விழித்துக்கொள்ளும் வரை
இரண்டு நொடி. அவ்வளவுதான்.
அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது.
ரேடியோவைக் கூட்டி வைத்திருப்பார்.

இந்த இடத்தில் ஓர் உவமை சொல்லலாம்.
ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து
கடற்பாலத்தில் ஆயிரம் மோட்டார் சைக்கிள்களோடு நெரிந்து
ஜொகூரில் மஞ்சள் குழாயைச் சொருகி
என் வண்டிக்கு 95 போடுகிறவன் நான்.
அது இதுவரை ஒரு குறை சொன்னதில்லை.
அதன் மூடிக்குள் யாரும் எதுவும் எழுதவில்லை.
உவமை வேண்டாம்.

இந்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மழை.
கண்ணாடி முழுசாக இறங்கியது.
'98. ஃபுல்.'
நான் குழாயை எடுக்காமல் நின்றிருக்க வேண்டும்.
'நாளையோடு சிஓஇ முடியுது, குணா' என்றார்.

கழித்துக்கட்டும் இடத்தில் முதல் வேலையே
டேங்கில் இருப்பதை உறிஞ்சி எடுப்பதுதான்.
அவருக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை.
குழாய் 'டக்'கென்று தானாக நின்றது.
'இன்னும் கொஞ்சம்.'
அழுத்தினேன். டக்.
'இன்னும்.'
மீட்டர் நூற்று எண்பதைத் தாண்டியது.
கடைசியில் ஒரு சொட்டு
அந்த மஞ்சளில் விழுந்தே விட்டது.
துணியோடு குனிந்தேன்.
இருக்கட்டும் என்றார்.

மேட்டில் ஏறியது.
அடுத்து நின்றவரைக் காக்க வைத்துவிட்டு
மூன்றாவது வளைவு வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.
கூழாங்கல் இல்லை.
அப்புறம் மழைதான்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.
'95 தானே?' என்றேன்.
'டீசல் லா' என்றார்.