எட்டாவது முனை

உள்ளங்கைக்குள் அடங்கும் கம்ப்யூட்டர்.
மூன்று புள்ளி மூன்று வோல்ட்டுக்கு மேல்
ஒரு சொல் தாங்காது.
கப்பலூர் சிட்கோவில்
துளசிராமின் ரப்பர் கம்பெனியோ
இருபத்துநாலில்தான் பேசும்,
கோபம் வந்தால் நானூற்றுப் பதினைந்தில்.

இரண்டுக்கும் நடுவே நிற்க
கூரியரில் வந்தது இந்தப் பச்சைப் பலகை.
எட்டு உள்ளீடு. எட்டு ரிலே.
பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்
கொண்டுவந்தேன்,
டோல்கேட் வேகத்தடைகளில்
பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியவன்போல
காலை ஊன்றி ஊன்றி.

பலகையின் ஓரத்தில்
மிளகைவிடச் சற்றே பெரிய கறுப்புச் சில்லுகள்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இருட்டறை:
இந்தச் சுவரில் ஒரு விளக்கு,
எதிர்ச் சுவரில் ஒரு கண்.
நடுவில் கம்பி கிடையாது.
பிரஸ் மூடினால் விளக்கு எரியும்.
கண் பார்த்துக்கொள்ளும்.
அந்தப் பக்கத்துக் கோபம்
விளக்கோடு கருகிப்போகும்.
தொடாமல் சொல்லிவிடும் இந்த வித்தை
எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை,
எனக்கும்.

மூன்றாம் நாள்
முதல் பலகையின் தலைமேல்
இரண்டாவதை ஏற்றினேன்.
ஆறாம் பிரஸ்ஸைத் திறக்கச் சொன்னால்
இரண்டாவதும் சேர்ந்து வாய் பிளந்தது.
வேகாத ரப்பர்
பாகுபோல நூல் விட்டது.
இரண்டு பலகைக்கும் ஒரே விலாசம்.
எள்ளளவு ஜம்பர் ஒன்றை
மூக்குப்பிடியால் இடம் மாற்றியதும் சரியானது.
அதற்குள் துளசிராம்
மிதியடி பதினாலு வீண் என்று
என் பில்லுக்குப் பின்னாலேயே
எழுதி வைத்துவிட்டார்.

பலகையில் ஒரு காவல்நாயும் உண்டு.
கம்ப்யூட்டர் அதை அவ்வப்போது
தட்டிக்கொடுத்தபடி இருக்க வேண்டும்.
மறந்தால்
கடித்து எழுப்பும்.
இதையும் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான்
சிவப்புப் பொத்தானின் வயரை
எட்டாவது உள்ளீட்டில் செருகினேன்.
ஏழுவரை கோத்தாயிற்று,
எட்டோடு வேலை முடிந்தது,
விடிவதற்குள் பழங்காநத்தம் போய்விடலாம்.

நைட் ஷிஃப்ட் நாகஜோதி,
கள்ளிக்குடி வேனில் வருபவள்,
நாலாம் பிரஸ்ஸில் நின்றிருந்தாள்.
"அண்ணே, இது தூங்குமா?"
"தூங்குனா நாய் எழுப்பிவிடும்."
"எழுப்பி, எந்திரிச்சு, முழிச்சுப் பாக்க
எம்புட்டு நேரமாகும்?"
"நாப்பது செகண்டு."

அவள் பதில் பேசவில்லை.
மெயினை அணைத்தாள்.
ஆறிக்கொண்டிருந்த தட்டுகளுக்கு நடுவே
கையுறையோடு வலது கையை நீட்டினாள்.
ஒண்ணு, என்றாள்.
ரெண்டு.
மூணு.
டிரிம்மிங் மேசையில்
கத்தரிகள் நின்றன.
எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் சுற்றியது.
இத்தனை நாள்
ஒரு செகண்டு எவ்வளவு நீளம் என்று
நான் அளந்ததே இல்லை,
ஆயிரத்தால் வகுத்துப் பழகிவிட்டேன்.

பதினேழில் வயரைப் பிடுங்கினேன்.
அவள் நிறுத்தவில்லை.
நாற்பதுவரை எண்ணிவிட்டுத்தான்
கையை எடுத்தாள்.

இப்போது சிவப்புப் பொத்தானிலிருந்து
நேரே பம்ப் மோட்டாரின் கான்டாக்டருக்கு
ஒரு தடித்த வயர் போகிறது.
நடுவே சில்லில்லை, விளக்கில்லை, நாயில்லை.
அமுக்கினால் நிற்கும்.

"எட்டுக்குக் காசு வாங்குனீரு,
ஒண்ணு சும்மா கெடக்கே?"
துளசிராம் டார்ச் அடித்துப் பார்த்தார்.
ஆமாம் என்றேன்.
பதினாலு மிதியடியோடு
அதையும் கழித்துக்கொள்ளட்டும்.

நிரலில் அந்த வரியை அழிக்கவில்லை.
பத்து மில்லிசெகண்டுக்கு ஒருமுறை
கம்ப்யூட்டர் எட்டிடமும் கேட்கிறது.
கரித்தூள் படிந்த திருகு,
காலித் துளை.
பூஜ்யம், என்கிறது.
ஆறு மணி வேன் ஹாரன் அடிக்கிறது.
பூஜ்யம்.